சித்திரையில் பார்த்த சோலார் ஏரி

காலை ஐந்தே முக்காலுக்கு வாழப்பாடியில் சேலம் பஸ் ஏறினோம், நானும் செல்வியும். செல்வி எங்கள் ஏரிக்கரையில் வலை பின்னுகிறவள். அவள் வீட்டுக்காரரும் என் மகனும் ஒரே பரிசலில் மீன் பிடிக்கிறார்கள். பிடித்ததைச் சந்தையில் வைத்து விற்பது நான். கூவி விற்க எனக்கு வராது. மீன் நன்றாக இருந்தால் ஆள் தானாக வரும்.

எதற்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் மிதக்கும் சோலார் தகடு போட்டு மின்சாரம் எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. ஏரி ஈரநிலக் கணக்கில் வருவதால் மாவட்டக் குழு பார்த்துத்தான் அனுமதி கொடுக்க வேண்டுமாம். அதற்கு முன் ஊராரைக் கூட்டிக் கருத்துக் கேட்பார்கள். கூட்டம் நாங்கள் போனதற்கு அடுத்த வியாழக்கிழமை. அந்த ஏரியை நம்பிப் பதினோரு குடும்பம் வலை போடுகிறோம். தகடு வந்த பிறகு வலை போட இடம் இருக்குமா, அதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஐப்பசியில் கம்பெனிக்காரர்களே எங்களை வேனில் அழைத்துப் போய், மோகனூர்ப் பக்கம் ஏற்கெனவே தகடு போட்ட ஏரி ஒன்றைக் காட்டினார்கள். அன்றைக்கு ஏரி நிறைந்து கிடந்தது. தகடெல்லாம் ஓர் ஓரமாகத் தெப்பம் மாதிரி மிதந்தன, மீதி இடமெல்லாம் தண்ணீர். வடை கொடுத்தார்கள், நல்ல வடை. எல்லோரும் சம்மதம் என்று சொல்லித் திரும்பினோம்.

எனக்கு மட்டும் ஒரு யோசனை இருந்துகொண்டே இருந்தது. எங்கள் ஏரி ஐப்பசியில் ஒன்று, சித்திரையில் வேறொன்று. அந்த ஏரியும் அப்படித்தானே இருக்கும்? எங்கள் மீனவர் குழுவில் சொன்னேன். இந்த வெயிலில் யார் போவது என்றார்கள். நான் போகிறேன் என்றேன்.

"நீ போய் யார்கிட்டக்கா வாயத் திறப்ப? நானும் வரேன். நீ பாரு, நான் பேசறேன்" என்றாள் செல்வி.

சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர். ஏழு மணிக்குள் போய்ச் சேர்ந்து நாமக்கல் பஸ் பிடித்தோம். டிக்கெட் ஆளுக்கு ஐம்பது ரூபாய். போகிற இடத்தில் யார் வீட்டுக்காவது கொடுக்கலாம் என்று நான் ஒரு பை கருவாடு எடுத்து வந்திருந்தேன். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, கருவாட்டுக்கும் ஒரு டிக்கெட் போடட்டுமா?"

"போடுங்க. அப்பறம் அதுக்கும் ஜன்னல் சீட்டுக் குடுக்கணும்" என்றாள் செல்வி. பின் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன். ராசிபுரம் பிரிவு தாண்டும்வரை தலையைத் தூக்கவில்லை.

ஒன்பது மணிக்கு நாமக்கல். முட்டை லாரிகள் வழிவிட்டால்தான் பஸ் நகரும். ஒரு டீ குடித்துவிட்டு மோகனூர் டவுன் பஸ் ஏறினோம். அதில் பெண்களுக்குக் காசு இல்லை. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போனதால் பத்து நிமிஷத் தூரம் அரை மணி ஆனது. மோகனூருக்கு முன்னாலேயே இறங்கி, இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்தோம்.

கரைமேல் ஏறியதும் செல்வி நின்றுவிட்டாள். "அக்கா, இது அந்த ஏரிதானா?"

அதே ஏரிதான். கண்ணுக்கு எட்டியவரை வெடித்த சேறு, நடுவில் நாலு எருமை. தண்ணீர் மதகுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் மட்டும் நின்றது. அந்தப் பள்ளம் முழுக்கத் தகடுகள். ஓரத்துத் தகடுகள் சில சேற்றில் சாய்ந்து கிடந்தன. பரிசல்கள் கரையில் கவிழ்ந்திருந்தன.

கரையடி வீட்டிலிருந்து ஓர் அம்மாள் எங்களைப் பார்த்தார். வள்ளியம்மாள் என்று பேர் சொன்னார்.

"ஏனுங்க, எந்தூருங்க?"

"வாழப்பாடிப் பக்கங்க. தகடு பாக்க வந்தோம்."

"அது எங்கயும் போவாதுங்க. வெய்யில்ல நிக்காம ஊட்டுக்குள்ள வாங்க சாமி."

மோர் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் நல்லுசாமி, அந்த ஏரியில் முப்பது வருஷமாக வலை போடுகிறவர். அவரே எல்லாம் சொன்னார்.

"கம்பெனிக்காரவிய பொய்யொண்ணும் சொல்லலீங்க. ஏரியில பத்துல ஒரு பங்குதான் தகடுன்னாங்க. அப்படித்தான் போட்டாங்க. ஆனா அது ஏரி நெறஞ்சிருக்கறப்ப. இப்ப ஏரியே பத்துல ஒரு பங்குதானுங்க கெடக்குது. மீனும் அங்கதான், தகடும் அங்கதான். வலையப் போட்டா தகட்டக் கட்டுன கம்பியில மாட்டிக் கிழியுது."

"கூட்டத்துல சொல்லலீங்களா?" என்றாள் செல்வி.

"கூட்டம் மார்கழியில வெச்சாங்க. தண்ணி தளும்பிட்டுக் கெடந்துது. யாருக்குங்க இந்த நெனப்பு வருது?"

"உங்குளுக்கு வல்லீன்னு சொல்லுங்க" என்றார் வள்ளியம்மாள். "நாஞ் சொன்னனுங்க."

"எங்க சொன்ன? அடுப்பங்கரையில சொன்ன. அதை எந்த ஆபீசருங்க எழுதறான்?"

நான் ஒன்று கேட்டேன், இதில் நல்லதே இல்லையா என்று.

"ஏன் இல்லீங்க? ஊருக்கு வாடகை வருது. தகட்டு நெழல்ல தண்ணியுஞ் சித்தெ நாள் கூட நிக்குது. மதகுப் பள்ளத்த மட்டும் உட்டிருந்தாங்கன்னா நானே மாலை வாங்கிப் போட்டிருப்பேன்."

தகடு பார்த்துக்கொள்கிற தம்பி ஒருவர் மோட்டார் அறையில் இருந்தார். செல்வி அவரையும் விடவில்லை. இதை நகர்த்த முடியாதா என்று கேட்டாள்.

"இனிமே நகத்தணும்னா திரும்ப அனுமதி வாங்கணுங்க. மொதல்லயே நிபந்தனைல எழுதியிருந்தா வேற பக்கம் கட்டியிருப்போம். காயிதத்துல என்ன இருக்குதோ அதுதானுங்க எங்களுக்கு."

மத்தியானம் அந்த வீட்டிலேயே சாப்பாடு. கருவாட்டை வள்ளியம்மாளிடம் கொடுத்தேன். ஏரிக்கரையில் இருந்துகொண்டு வெளியூர்க் கருவாடு வாங்குகிறோமே என்று அவர் சிரித்தார். நல்லுசாமி சிரிக்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பினோம். நாமக்கல்லில் சேலம் பஸ் ஏறினோம்.

"கூட்டத்துல நீதான் பேசணும் செல்வி" என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "என் பையனுக்குக் கம்பெனியில வாட்ச்மேன் வேலை தரேன்னு சொல்லியிருக்காங்கக்கா. நான் மைக்குல நின்னு அவங்களுக்கு எதிரா எப்படிப் பேசுவேன்? அவனுக்கும் ஒரு வேலை வேணும்ல?"

வேணும்தான். அவன் இரண்டு வருஷமாகச் சும்மா இருக்கிறான். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சேலத்து விளக்குகள் தெரிகிறவரை யோசித்தேன்.

"நீ உக்காரு. நான் சொல்றேன்."

"நீயா?" என்று திரும்பிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை கூட்டம் நடந்தது. நிறையப் பேர் பேசினார்கள், வேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி. என் முறை வந்தபோது மேடை ஏறினேன். மைக்கைக் கிட்ட வைத்துக்கொள்ளச் சொன்னார் அதிகாரி. பேரும் ஊரும் சொன்னேன். "தகடு போடுங்க. மதகுப் பள்ளத்துல மட்டும் போடாதீங்க. சித்திரையில தண்ணி அங்கதான் நிக்கும், மீனும் அங்கதான் நிக்கும்" என்றேன். மோகனூர்ப் பக்கம் பார்த்ததையும் சொன்னேன்.

கம்பெனிக்காரர் நல்ல விதமாகத்தான் கேட்டார். "பள்ளத்தை விட்டா தகடு குறையும்மா. ஊருக்கு வர வாடகையும் குறையும். பரவாயில்லையா?"

பஞ்சாயத்துத் தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். கூட்டமே பார்த்தது.

"குறையட்டுங்க. பதினோரு குடும்பம் கோடையில என்ன திங்கும்?"

அதிகாரி எழுதச் சொன்னார். நான் இறங்கவில்லை. "எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்றேன். படித்தார்கள். பள்ளம் என்று மட்டும் இருந்தது. மதகுப் பள்ளம் என்று போடச் சொன்னேன், போட்டார்கள். கீழே வந்ததும் செல்வி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

இப்போது எங்கள் ஏரியிலும் தண்ணீர் பள்ளத்துக்கு வந்துவிட்டது. மோகனூர்ப் பக்கம் பார்த்த அதே வெடிப்பு, அதே சேறு. ஆனால் இங்கே பரிசல் கவிழ்ந்து கிடக்கவில்லை. இன்று காலையிலும் நாலு கூடை ஜிலேபி மீன் வந்தது. அனுமதி ஆணை இன்னும் வரவில்லை. வந்தால் ஒரு நகல் எங்கள் குழுவுக்கும் கொடுப்பார்களாம். அதை யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன். நான் ஐந்தாம் வகுப்பு. மதகுப் பள்ளம் என்று ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும்.