ரசச் சொம்பும் ரைஃபிள் குண்டும்

போன ஞாயிறு எங்கள் வீட்டில் ஒரு சொம்பு ரசத்தை அப்படியே கொட்டினோம். தாளித்து, கொத்தமல்லி தூவி, கமகமவென்று மணந்துகொண்டிருந்த ரசம். ஒருவர்கூட ஒரு வாய் குடிக்கவில்லை.

கெட்டுப்போய்விட்டதா? இல்லை. பல்லி விழுந்ததா? அதுவும் இல்லை. பின்னே ஏன் கொட்டினீர்கள் என்கிறீர்களா... காரணம், எங்கள் வீட்டுக்காரரின் ரைஃபிள்.

பயப்படாதீர்கள். யாரும் யாரையும் சுடவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் மிஷன் பள்ளியில் வரலாறு நடத்தி ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன ஆண்கள் வாக்கிங் போவார்கள், பேப்பரை வரிவிடாமல் படிப்பார்கள், மனைவி சமைப்பதில் குறை கண்டுபிடிப்பார்கள். இவர் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தார். மாமனார் வைத்திருந்த பழைய ரைஃபிள் ஒன்று, முறைப்படி லைசென்ஸ் மாற்றி இவர் பெயருக்கு வந்திருந்தது. கூடவே ஒரு சின்ன மரப்பெட்டியும் வந்தது. அதைத் திறந்து, ஒரு இரும்புச் சாமானை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது என்னன்னு சொல்லு பாப்போம் ஸ்டெல்லா."

"பாக்குவெட்டி."

"போடி... குண்டு வார்க்குற அச்சு!"

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, தன் ரைஃபிளுக்குத் தானே குண்டு செய்யவேண்டுமாம். வெளிநாட்டில் எல்லோரும் செய்கிறார்களாம். யூடியூபில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் நாள் முழுக்க எங்கள் ஹாலில் ஈயம் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கிளப் செயலாளர் கண்டிப்பானவர். "சார், குண்டு வார்க்குறதுக்கே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும். வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்க அதுக்கு மேல தனி லைசென்ஸ். அது வர்ற வரைக்கும் மருந்துப் பக்கமே போயிராதீங்க" என்று சொல்லிவிட்டார். மனு எழுதுவதில் எங்கள் வீட்டுக்காரரை மிஞ்ச ஆளில்லை. வார்க்க அனுமதி வந்துவிட்டது. நிரப்ப இன்னும் வரவில்லை.

இதற்கிடையில், வளைகாப்பு முடிந்து எங்கள் மகள் ஜெனி பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கே நான் சட்டம் போட்டுவிட்டேன். ஈயம் என்பது விஷம். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் அதன் தூசிகூட வரக்கூடாது. உருக்குவது, ஊற்றுவது எல்லாம் வெளியே.

நியாயமாகச் சொல்கிறேன், மனுஷர் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். வாடிப்பட்டியில் அவருடைய நண்பர் செல்வத்துக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே மோட்டார் ரூமுக்கு வெளியே அடுப்பு போட்டார்கள். வேலை முடிந்ததும் பம்புசெட்டில் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் ஸ்கூட்டரை எடுப்பார். குண்டு ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. செல்போனில் போட்டோதான் காட்டுவார்.

முதலில் வார்த்ததெல்லாம் நெல்லி வற்றல் போலச் சுருங்கிக் கிடந்தது.

"அச்சு சூடேறுறதுக்கு முன்னாடியே ஊத்திட்டோம்" என்றார்.

கல் காயாமல் தோசை ஊற்றினால் வருமா? இதை என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். யார் கேட்கிறார்கள்?

சுருக்கம் போனது. அடுத்த கவலை வந்தது. குண்டின் ஓரங்கள் கூர்மையாக வரவில்லை, மழுங்கி நிற்கிறதாம். காரீயம் மட்டும் ஊற்றினால் அப்படித்தானாம். கொஞ்சம் வெள்ளீயம் கலந்தால்தான் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும் என்று தாடிக்காரர் சொன்னாராம். வெள்ளீயத்துக்கு எங்கே போவது என்று ரொம்ப நாள் புலம்பினார். பிறகு ஒருநாள் புலம்பல் நின்றுவிட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஏன் நின்றது என்று நான் யோசித்திருக்க வேண்டாமோ?

இப்போது ரசத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ரசத்துக்கென்றே ஓர் ஈயச் சொம்பு உண்டு. நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே பார்த்து வாங்கியது. விஷமான காரீயம் இல்லை, சுத்தமான வெள்ளீயம். புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் சொம்பே உருகி ஓடிவிடும். இடுப்பில் ஒரு நசுங்கல் இருக்கும். பண்டிகை, பிறந்தநாள் என்றால்தான் லாஃப்டிலிருந்து இறங்கும். ஜெனிக்கு இந்த மாசத்தில் வாய்க்கு எதுவுமே பிடிக்கவில்லை, "அம்மா, அந்தச் சொம்பு ரசம் வச்சுத் தா" என்று கேட்டாள். ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் வைக்கிறேன் என்றேன். வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து நான் சேலை மாற்றிவிட்டு அடுக்களைக்குள் போனால், மேடையில் சொம்பு பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

"நான்தான் எடுத்து வச்சேன். புளி போட்டுத் தேச்சும் வச்சிருக்கேன்" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாத மனுஷர்! மகள் வந்த ராசி என்று நினைத்துக்கொண்டேன். தூக்கும்போது சொம்பு கொஞ்சம் கனத்தது. நமக்கும் வயசாகிறதே என்று அதையும் விட்டுவிட்டேன்.

ரசம் நுரைகட்டி வந்தது. இறக்கி, ஜெனிக்கு முதலில் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஊதிக்கொண்டே உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

"ஜெனி! வைம்மா அத... கீழ வை!"

வகுப்பில் அதட்டுகிற குரல். அவள் திடுக்கிட்டு டம்ளரை வைத்தாள். வீட்டுக்காரர் அடுக்களை வாசற்படியில் நின்றார். சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியின் முனையைக் கையில் பிடித்திருந்தார். அதில் பென்சில் கரி போல ஒரு கறுப்புத் தீற்றல்.

"வாய்ல பட்டுச்சா?"

"இல்லப்பா. என்னாச்சு?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஸ்டெல்லா, அது உன் சொம்பு இல்ல. உன் சொம்ப நான் உருக்கிட்டேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். வெள்ளீயம் வேறெங்கும் கிடைக்காமல், லாஃப்டில் இருந்த சொம்பை எடுத்துப்போய் வெட்டி உருக்கியிருக்கிறார். ஜெனி ரசம் கேட்டதும் பதறிப்போய், சந்தைப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் அதே அளவில் வேறு சொம்பு வாங்கியிருக்கிறார். நான் சேலை மாற்றும் நேரத்தில் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து எடுத்து, வேட்டி முனையால் துடைத்து மேடையில் வைத்திருக்கிறார். ஹாலில் வந்து உட்கார்ந்தவர், நான் ரசத்தை இறக்கும் நேரத்தில்தான் வேட்டியைப் பார்த்திருக்கிறார்.

ரசத்தைக் கவிழ்த்துவிட்டு, சொம்பின் விளிம்பைப் பேப்பரில் இழுத்துக் காட்டினார். கோடு விழுந்தது.

"வெள்ளீயம் இப்படி எழுதாது. இதுல காரீயம் கலந்திருக்கு. குண்டும் இப்படித்தான் கைல கறுப்பா ஒட்டும். உன் சொம்புல இருந்த நசுங்கல இதுலயும் போடணும்னு பெருவிரலால அழுத்துனேன். சத்தமே இல்லாம உள்ள போச்சு. அப்பவே நான் யோசிச்சிருக்கணும். உன்னோடத வளைக்கும்போது நறநறன்னு கத்துச்சு."

"கத்துச்சா?"

"ஆமா, சுத்தமான வெள்ளீயம் வளைச்சா கத்தும்."

"அது கத்துச்சுல்ல? அப்பவாவது விட்டிருக்கலாம்ல?"

ஜெனி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். புளிப்பும் சூடும் சேர்ந்தால் காரீயம் ரசத்தில் இறங்கிவிடும். ஈயத்தின் தூசிகூட வரக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அதை அடுப்பில் ஏற்றி, கொதிக்கவைத்து, என் கையாலேயே மகளுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். டம்ளரை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தேன்.

அன்று ராத்திரி வரை அவரோடு நான் பேசவில்லை. என் சொம்பை வெட்டிய மனுஷரோடு என்ன பேச்சு?

ஆனால் பாத்திரம் துலக்கும்போது ஒன்று தோன்றியது. ரசத்தில் பல்லி விழுந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதுமே... ரசத்தையும் கொட்டியிருப்போம், அவரும் தப்பித்திருப்பார். ஆனால் அந்தச் சொம்பைக் கழுவி நான் திரும்ப லாஃப்டில் ஏற்றியிருப்பேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று மறுபடி இறக்கியிருப்பேன். அந்த ஒரு நொடியில் அவர் இதையெல்லாம் யோசித்தாரோ என்னவோ, தெரியாது. தான் மாட்டிக்கொள்வோம் என்று மட்டும் கட்டாயம் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஓடிவந்தார்.

ராத்திரி தட்டில் சோற்றை வைத்து, "சாப்பிடுங்க" என்றேன். அவ்வளவுதான் மன்னிப்பு. எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேசும் வழக்கம் இல்லை.

இப்போது எவர்சில்வர் பாத்திரத்தில்தான் ரசம். ஜெனி அதையே ரெண்டு டம்ளர் குடிக்கிறாள். நேற்று செல்வம் போன் செய்தார். எங்கள் வீட்டுக்காரரை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்; மாப்ள நடந்ததை எல்லாம் சொன்னான் என்று வருத்தப்பட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"இருந்தாலும் சொல்றேன் டீச்சர், உங்க சொம்ப சேத்தபெறகு குண்டு எம்புட்டு அழகா வந்திருக்கு தெரியுமா! ஓரமெல்லாம் நறுக்குன மாதிரி நிக்கிது."

தோட்டா நிரப்பும் லைசென்ஸ் எப்போது வருமோ தெரியாது. வந்து, அவர் கிளப்பில் முதல் குண்டு சுடும் அன்றைக்கு நானும் போய் உட்காரப்போகிறேன்... என் சொம்பு எங்கே போய்ப் படுகிறது என்று நான் பார்க்க வேண்டாமா?