போயிட்டு வாங்க

எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். மருத்துவப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைக்கவில்லை. அப்பா விடுவாரா? ஆஸ்பத்திரி ஆபீசிலாவது என்னை உட்காரவைத்தே தீருவது என்று நின்றார். நோயாளிகளிடம் பேச இலக்கியம், நிர்வாகத்துக்கு வணிகம் என்று அவரே முடிவு செய்தார். பகலில் கல்லூரி, சாயங்காலம் வடசேரியில் வணிக வகுப்பு. உனக்கு என்ன வேணும் என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

நினைத்ததை முடித்தும் விட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய ஒரு சுசீந்திரத்து அம்மாளிடம், வாடிக்கையாளரை வழியனுப்ப வணிக வகுப்பில் பழக்கிய மாதிரியே கைகூப்பி, “போயிட்டு வாங்கம்மா” என்றேன்.

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தாள். “ஏலே, ஆஸ்பத்திரியில நிண்ணுக்கிட்டு என்னைத் திரும்பி வரச் சொல்லுதியா? வெளங்குவியாலே நீ?”

இரண்டு படிப்பிலும் இது இல்லை. அன்றிலிருந்து, குணமாகிக் கிளம்புகிறவர்களை வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டி அனுப்பினேன். அவர்களும் ‘வாறேன்’ என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

ஆபீசைப் பூட்டியதும் வாசல் காவல்காரரிடம், “வாறேன் அண்ணாச்சி” என்பேன். குணமானவர்கள் யாரும் அங்கே சொல்லாத வார்த்தை. நான் தினமும் சொன்னேன். மறுநாள் காலையில் வந்தும் நின்றேன்.