பொணப்படம் பொன்னையா

இதைக் கட்டுக்கதை என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. நடந்த வீட்டுக்கு இரண்டு லயம், அதாவது இரண்டு கூலி வரிசைவீடு, தள்ளித்தான் என் வீடு. அம்மாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிற தைரியசாலிகள் இதைப் பகலில் படித்துக்கொள்ளட்டும். அவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது முழுக்கப் பட்டப்பகலில் நடந்தது.

1957ஆம் வருடம். இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மாக்கண்ணு கொழுந்து எடுப்பவள், இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். அவளுடைய ஒரே மகன் அழகுமுத்து. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் பெட்டிகளுக்கு மார்க் போடுவது அவன் வேலை. எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டிமேல் வைத்துக் கறுப்பு மையைத் தடவ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவனுக்கு ஓவியனாக வேண்டும். லயத்துச் சுவரில் கரியால் வரைந்து வரைந்து தாயிடம் விளக்குமாற்றால் வாங்கிக் கட்டிக்கொண்டவன். கை ஓடியது, சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. மூக்கு மூக்காக வரும், கண் கண்ணாக வரும், முகம் மட்டும் யாருடைய முகமாகவும் வராது.

ஆள் தேடி நாயாக அலைந்தான். ஹட்டனில் ஒரு போட்டோ ஸ்டூடியோ முதலாளி ஞாயிறுதோறும் வரச்சொல்லித் தரை கூட்டவைத்தார். கடைசியில், "ஒனக்கெல்லாம் எதுக்குடா பிரஷ்ஷு" என்று விரட்டினார். ஒரு பெரிய பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியரிடம் தன் படங்களைக் கொண்டுபோனான். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னான். அவர் தன் தேநீர்க் கோப்பையை எடுத்து அந்தப் படங்களின் மேல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்.

தோட்டப் பள்ளிக்கூடத்துத் தம்பிராசா மாஸ்டர் ஒருவர்தான் அவனை மனுஷனாக மதித்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் பொன்னையாவின் பேரைச் சொன்னார்.

"தலவாக்கலையில இருக்கிறாராம். ஸ்டேசனுக்குப் பின்பக்கம், மாடியறை. ஒருக்காப் போய்ப் பார் தம்பி."

பொணப்படம் பொன்னையா என்றால் அந்தக் காலத்தில் தோட்டங்களில் தெரியாதவர்கள் குறைவு. லயத்து ஜனங்களிடம் போட்டோ ஏது? ஆள் செத்த பிறகுதான் ஒரு படம் இல்லையே என்று அழுவார்கள். பொன்னையா வந்து பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை வரைந்துகொள்வார். செத்தவர் கண்ணை மூடிக்கொண்டல்லவா கிடப்பார், கண்ணுக்கு என்ன செய்வது? பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, அந்தக் கண்ணைப் பார்த்துப் படத்துக்குக் கண் வைப்பார். பிள்ளையின் கண்தான் பெற்றவரின் கண் என்பது அவர் கணக்கு. அந்தப் படத்தை மாட்டிவிட்டால், செத்தவர் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து பஸ் ஏறிப் போனான். வீட்டின் பின்பக்கம் மரப்படி. மேலே கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு கிழவர். அவருக்கு முன்னால் படச்சட்டம், அதன் முதுகுதான் அவனுக்குத் தெரிந்தது.

"வா," என்றார், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே.

வந்த காரியத்தைச் சொன்னான். அவர் சிரிக்கவில்லை, விரட்டவில்லை.

"எனக்குப் புள்ளகுட்டி இல்ல. எங்கிட்ட கத்துக்கிட்டா புள்ளையா இருந்துதான் கத்துக்கணும். சம்மதமா?"

"சம்மதங்க."

காலில் விழுந்தான். கையில் தரைதான் பட்டது. கிழவர் காலை இழுத்துக்கொண்டார் போலும் என்று நினைத்தான். சந்தோஷத்தில் இருப்பவனுக்கு எதுதான் உறைக்கும்?

"ஒக்காரு. என்னையவே பாரு. இமைக்காத."

சரக்... சரக்... தூரிகை ஓடியது. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு வரைந்தார். பக்கத்துப் பலகையில் இருந்த வர்ணம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கீழே ரயில் போனது. ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. குவளையில் இருந்த தண்ணீர் மட்டும் அசையவில்லை.

"எப்பங்க சொல்லிக் குடுப்பீங்க?"

"வீட்டுல போயி வரைஞ்சு பாரு. அடுத்த ஞாயிறு வா."

வரைந்து பார்த்தான். தவழும் வயதில் இழந்த தகப்பன். கரியைச் சுவரில் வைத்ததுதான் தெரியும், கை தானாக ஓடியது. கொழுந்துக்கூடையோடு உள்ளே வந்த அம்மாக்கண்ணு, சுவரைப் பார்த்ததும் புருஷன் எதிரில் நிற்பதுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் தாயின் வாயைப் பார்த்தான்.

"ஏம்மா, வாயெல்லாம் கறுப்பா இருக்கு?"

"போடா. செவக்கச் செவக்க வெத்தல போட்டிருக்கேன்."

சிவப்பு போயிருந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனான். மறுபடியும் சரக்... சரக்... திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கும் வரிசையில், நின்றவன் மலையைப் பார்த்தான். அடி முதல் முடி வரை சாம்பல். தேயிலைச் செடி ஒன்றில்கூடப் பச்சை இல்லை.

அவன் முட்டாள் இல்லை. நிறமெல்லாம் அந்த அறையில்தான் போகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் கை வந்துவிட்டதே! அதை விட்டுவிட்டுத் தகட்டோடும் கறுப்பு மையோடும் மாரடிக்க மனம் வரவில்லை. மூன்றாவது ஞாயிறும் பஸ் ஏறினான். பாழாய்ப்போன ஆசை.

அன்று கிழவர் வா என்று சொல்லவில்லை.

அவன் தானாகவே உட்கார்ந்தான்.

சரக்... சரக்...

மூச்சு விடும் சத்தம் ஒன்றுதான் கேட்டது. அது அவனுடையது. கிழவரிடமிருந்து மூச்சுச் சத்தமே வரவில்லை.

எழுந்துவிடலாம் என்று நினைத்தான். கால் வரவில்லை.

கண்ணை மூட நினைத்தான்.

மூட முடியவில்லை...

சரக்...

நின்றது.

"முடிஞ்சுது," என்றார் பொன்னையா. "நீ நல்ல புள்ள."

படி இறங்கும்போது வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. அப்படித்தான் அவன் நினைத்தான். தலவாக்கலைக்கு மூடுபனி புதிதா? சுவரைத் தடவித் தடவி ரோட்டுக்கு வந்தான். கலையட்டும் என்று நின்றான். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. "கண்ணு தெரியலையா, இங்கதானே நிக்குது, ஏறு" என்று கண்டக்டர் கத்தினார். வீடு வந்து சேர்ந்தான். மூடுபனி கலையவே இல்லை.

தோட்டத்து மருந்துக்காரர் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அம்மாக்கண்ணு மாரியம்மனுக்கு நேர்ந்தாள், மண்ணை வாரித் தூற்றினாள். அழகுமுத்து எல்லாவற்றையும் தம்பிராசாவிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

தம்பிராசாவுக்கு மனம் கேட்கவில்லை. அனுப்பிவைத்தவர் அவரல்லவா? பொன்னையாவை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று தலவாக்கலைக்குப் போனார். அந்த வீட்டின் சொந்தக்காரி வீரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொன்னையாவா? அவரு செத்து ஒம்போது மாசமாச்சுங்களே."

"பொடியன் ஒருத்தன் ஞாயிற்றுக்கிழமையில வந்தவனே?"

"வந்தாங்க. பூட்டுன கதவப் பாத்துக்கிட்டு மேப்படியில ஒக்காந்திருப்பான். கண்ண இமைக்கவே மாட்டான். புத்தி சரியில்லாத புள்ளைன்னு நானும் ஒண்ணும் கேக்கல."

சாவியை எடுத்துக்கொண்டு மேலே கூட்டிப்போனாள். பூட்டில் துரு ஏறியிருந்தது. தரையெல்லாம் தூசி, ஒரு காலடித் தடம்கூட இல்லை. சாவதற்கு முன் பொன்னையா தன் முகத்தைத் தானே வரைந்துவைத்தாராம். கண் இருக்கும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாராம். பிள்ளை இல்லாதவனுக்கு யார் கண் கொடுப்பார்கள் என்று புலம்பிக்கொண்டே செத்தாராம். வீரம்மா இதைச் சொல்லிக்கொண்டே படத்தின் மேல் கிடந்த துணியை இழுத்தாள். இழுத்த கை அப்படியே நின்றது.

படத்தில் கண் இருந்தது. வர்ணம் ஈரமாகவே இருந்தது. அந்தக் கண்ணை முதலாம் வகுப்பிலிருந்தே பார்த்துவந்தவர் தம்பிராசா. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் படத்தின் முன் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பெற்றவளிடம் இதை எப்படிச் சொல்வது? பொன்னையாவைக் காணவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே லயத்துக்கு வந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அழகுமுத்து காலடிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"மாஸ்டர், அங்க ஏன் அழுதீங்க?"

தம்பிராசா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஆர்... ஆர் உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பாத்தேன்." சுவரைத் தடவிச் சாய்ந்துகொண்டான். "இத்தன நாளும் பனிமூட்டமாவே இருந்துச்சு மாஸ்டர். இன்னைக்கித்தான் துணிய எடுத்தாங்க. அந்தப் படத்தச் சன்னல் பக்கமாத் திருப்பி வைக்கச் சொல்லுங்க. ரோட்டையாவது பாத்துக்கிட்டு இருக்கேன்."

அன்று இரவு தம்பிராசா தூங்கவில்லை. என்ன விலையானாலும் படத்தை வாங்கிவந்து, அம்மாக்கண்ணுவின் வீட்டிலேயே மாட்டிவிடுவது என்று முடிவு கட்டினார். தாய் முகத்தையாவது பிள்ளை பார்க்கட்டும். முதல் பஸ்ஸில் போய் இறங்கினார்.

மாடியறை கழுவிவிடப்பட்டிருந்தது. வீரம்மா வாசலில் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தாள்.

"அதைய வச்சுக்கிட்டு நான் குடித்தனம் பண்ண முடியுங்களா மாஸ்டர்? நான் நடந்தா நடக்குற பக்கமெல்லாம் கண்ணு திரும்புது. விடியக்காலம் சாக்குல கட்டி, கல்ல வச்சு, கொத்மலை ஓயாவுல போட்டுட்டேன்."

எந்த இடம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆற்றில் மழைத் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் லயத்துக்குத் திரும்பியபோது அம்மாக்கண்ணு வாசலிலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடிஞ்சதுல இருந்து ஒரு மாதிரியா இருக்கான் மாஸ்டர். மூச்ச அடக்கி அடக்கி விடுறான். ஒரு வாய் தண்ணி குடுத்தாலும் தட்டி விடுறான்."

உள்ளே அழகுமுத்து அடுப்புப் பக்கத்தில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பற்கள் கிட்டியிருந்தன. கண்கள் அகலத் திறந்திருந்தன.

"தம்பி, இப்ப என்னடா தெரியுது?"

"சாக்கு அவுந்துபோச்சு மாஸ்டர்," என்றான். "எல்லாம் கலங்கலா இருக்கு. இப்பத்தான் ஒரு மீனு கிட்ட வந்து பாத்துட்டுப் போச்சு."