சுக்குக் காப்பியில் கலந்தது

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளியில் ஹெப்ரான் ஐந்து வருஷமாகத் தற்காலிக வாத்தியார். பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்தினால் தடங்கலே இருக்காது. பெரியவர்கள் நாலு பேர் பார்த்தால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், கை உதறும். கல்யாணத்தன்று அவன் சொன்ன உடன்படிக்கை பக்கத்தில் நின்ற மணப்பெண் எப்சிக்கே கேட்கவில்லை.

தொண்ணூற்றெட்டு ஜூலையில் தாளாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வேதம் வாசித்து ஜெபம் நடத்துகிறவருக்குத்தான் நிரந்தர வேலை. ஹெப்ரானின் முறை செப்டம்பரில்.

எப்சி அவனை மனநல டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"இது வெறும் கூச்சமில்லை, நோய். ஆறு வாரம் விடாமச் சாப்பிடுங்க. முதல்ல வயித்தைப் பிரட்டும், அப்புறம் சரியாகிரும்."

வாசலுக்கு வந்ததும் ஹெப்ரான் மருந்துச் சீட்டை அவள் கையில் திணித்தான். "கிறுக்கனுக்குக் கொடுக்கிறதை நான் திங்கணுமோ? ஊரே சிரிக்கும்."

எப்சி மருந்தை வாங்கிவந்து, மறுநாளிலிருந்து அவனுக்குத் தெரியாமல் கேப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளிருந்த பொடியைச் சுக்குக் காப்பியில் கலக்கினாள்.

"என்ன இப்படிக் கசக்குது?"

"சுக்கு கூடிட்டு. பைய குடிங்க."

ஒரு வாரத்தில் அவனுக்குக் குமட்டல் வந்தது. "நாள் நெருங்குதுல்லா, வயித்தைப் பிரட்டுது. பயம் முத்திட்டு, எப்சி." அது மருந்தின் வேலை என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் குடிக்கமாட்டான் என்று தொடர்ந்து கலக்கினாள். பிறகு குமட்டல் நின்றது. டம்ளர் பிடித்த கையில் நடுக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரிகூட அவளுக்குப் பட்டது. அவன் கவனிக்கவில்லை. பயம் முத்திவிட்டது என்பதிலேயே இருந்தான்.

செப்டம்பரில் அவன் முறை வந்த திங்கட்கிழமை, காலைக் கூட்டத்தில் மூன்று வசனம் வாசித்தான். நாலாவதில் குரல் அடைத்தது. புத்தகத்தை மூடிவிட்டு மேடையிலிருந்து இறங்கினான்.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் ஐயம்பெருமாள் கேட்டார்: "என்ன வே, பாக்கி வசனமெல்லாம் அடுத்த வருசமா?"

வீட்டுக்கு வந்தவன் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தான். "டாக்டர் பேச்சைக் கேட்டிருக்கணும், எப்சி. அந்த மருந்தை வாங்கு, திங்குதேன். தாளாளர் கால்ல விழுந்தாவது இன்னொரு முறை கேக்குதேன்."

ஐந்து வருஷத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கையை அவள் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் உண்மையைக் கொட்டிவிட்டாள்.

"ஆறு வாரமாத் தின்னுட்டுத்தான இருக்கீங்க."

ஹெப்ரான் தரையிலிருந்து எழுந்தான். "அப்போ மருந்துக்கும் என் பயம் அடங்கலை" என்றான்.

எப்சி போய் நடந்ததைச் சொன்னதும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "தெரிஞ்சு சாப்பிட்டிருந்தா பாதிப் பயம் அதுலயே போயிருக்குமேம்மா! இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, வரச்சொல்லுங்க." அவன் வரவில்லை.

பள்ளி வேலையை விட்டவன் இப்போது ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில், பின்கட்டில் தார் அடுக்குகிறான். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. எப்சி கொடுக்கும் சோற்றைச் சாப்பிடுவான். காப்பி மட்டும் அவனே போட்டுக்கொள்வான்.