அப்பா கழுவிவிட்ட கஞ்சி

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரை நினைத்து இன்று கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார் அம்மா. "மலர்ல போய் இதெல்லாம் எழுதுவாங்களாடி?" என்று கோபித்துக்கொண்டு என்னோடு பேசாமலும் இருந்தார். நல்லதும் எழுதுகிறேன். ஆனால் ஒன்றை எழுதாமல் விட என்னால் ஆகாது.

அப்பா ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தந்தையை இழந்து தறியில் உட்கார்ந்தார். தன் தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவைப் படிக்க வைத்தார், தறி போட்டுக் கொடுத்தார், கல்யாணமும் செய்து வைத்தார். தம்பி முகம் வாடினால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. சேலைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகப் பழைய கார் ஒன்று வாங்கினார். அதில் எந்தக் கோளாறு வந்தாலும் வீட்டு வாசலிலேயே தானே பிரித்துப் பார்ப்பார்.

செய்யாரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது அந்தக் கார் சாவியை என் கையில் கொடுத்தவரும் அப்பாதான். எங்கள் தெருவில் கார் ஓட்டிய முதல் பெண் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது, மறைப்பானேன்!

ஒரு மாலை வேலை முடிந்து திரும்பும்போது, சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டில் போய் நின்றது. உடனே ஓரங்கட்டினேன். இன்ஜினை ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா பானட்டைத் திறந்தார். சித்தப்பாவும் வந்து நின்றார். ஃபேன் ஓடியது, பெல்ட் இறுக்கமாக இருந்தது. சூடானால் திறந்து தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். "ஐயய்யோ, அது கொழம்பு சட்டிங்க!" என்று அம்மா கத்தினார். தெர்மோஸ்டாட் சரியாகத்தான் திறந்தது. மறுபடி மாட்டி இன்ஜினைப் போட்டதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்தது, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தது. "உள்ள அடைப்பு" என்றார். ஆறியதும் ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் வைத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார். சித்தப்பாவை ஒரு முறை பார்த்தார்.

"நீ போயி டீ போட்டு எடுத்தாம்மா" என்றார் என்னிடம்.

டீயோடு நான் வருவதற்குள் ரேடியேட்டரும் வாசலும் கழுவப்பட்டிருந்தன. வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். "இன்னாண்ணே ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"தண்ணி பாக்காம ஓட்டிகினு வந்துட்டா. அவ்ளோதான்" என்றார் அப்பா.

"காலைல பாத்துட்டுதாம்பா எடுத்தேன்!"

அப்பா குனிந்து ரேடியேட்டரை மாட்டத் தொடங்கினார். சித்தப்பாதான் சொன்னார்: "பொண்ணுங்க கைல வண்டிய குடுத்தா இப்டிதான்."

அன்று சாயங்காலமே கார் சரியாகிவிட்டது. சாவி மட்டும் என் கைக்குத் திரும்பவில்லை. "கம்பெனி பஸ்லயே போம்மா" என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "இன்ஜினை வேக வெச்சவ" என்று என்னைச் சொல்லிச் சிரிக்காத சொந்தம் இல்லை. அப்பாவும் கூடவே சிரிப்பார்.

கடைசி நாட்களில் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் நான். உடம்பு துடைத்தவள் நான். தறியைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். இதை மட்டும் பேசவில்லை.

அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று, சித்தப்பா அவர் காலைக் கட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் கதறினார். "அண்ணா! போளூர் கல்யாணத்துக்கு வண்டிய எடுத்துகினு போனப்போ ரேடியேட்டர் ஒழுகிச்சி. வீட்டுக்கு வந்து, பாவுக்குப் போட்டு மீந்த கஞ்சிய நான்தானே அதுல ஊத்தினேன்! இழையையே புடிச்சிக்குது, ஓட்டைய அடைக்காதான்னு ஊத்திட்டேன். நீ கண்டுபுடிச்சியே! கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலியே அண்ணா!"

பாவு நூல் அறாமலிருக்கக் கஞ்சி தடவும் நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவருக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். விரலை முகர்ந்ததுமே அப்பாவுக்குத் தெரிந்துபோனதும் அதனால்தான். சுற்றி நின்றவர்கள், "இன்னா பெரிய மனசு" என்று அப்பாவைப் புகழ்ந்தார்கள். எனக்கு வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது. தம்பியைக் காப்பாற்ற அவருக்குக் கிடைத்தது என் தலைதானா? அந்தப் பெரிய மனசில் எனக்கு ஓர் ஓரம் கூடவா இல்லை? நம்பியிருந்தேனே அப்பா! ஊரே சிரித்தபோதும், நீங்கள் நிஜமாகவே அப்படி நினைப்பதாக நம்பி, என் மேலேயே சந்தேகப்பட்டேனே.

அப்பா நல்லவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், இரவு பகல் துணையிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முன்னால் நின்று தூக்கிய சித்தப்பாவுக்கும் நன்றி.

இன்று வெளியூர் உறவினர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வர அதே காரை நான்தான் ஓட்டி வருகிறேன். சாவியை யாரிடமும் கேட்கவில்லை. அன்று வாசலில் ஊரார் முன்னால் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லாததால், அதே ஊரார் கையில் கொடுக்கும் இந்த மலரில் நானே சொல்லிவிடுகிறேன்: என் மேல் தப்பில்லை.