கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட மீன்

மாமா சவுதிக்குக் கிளம்பிய காலையில் என் கையில் ஒற்றை மீன் கிடந்த ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியைத் திணித்தார். அம்மாவின் தம்பி அவர். மும்பையில் எங்கள் தாராவி வீட்டின் ஒற்றை அறையில் என்னோடு ஒரே போர்வையைப் பங்குபோட்டவர். “மருமவனே, நான் வாரது வரைக்கும் இதை நீதான் பாத்துக்கிடணும்” என்றார். என்ன மீன், என்ன தின்னும் என்று நான் கேட்பதற்குள் டாக்ஸி போய்விட்டது.

எனக்கு ஒன்பது வயது. அப்பா தோல்பைப் பட்டறைக்கும், அம்மா மாட்டுங்காவில் சமையல் வேலைக்கும் போய்விடுவார்கள். மதியம் பள்ளி விட்டு வந்து கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்தால், பொழுது சாயும்வரை நானும் அந்த மீனும்தான். பல்லிக்கும் கெளுத்திக்கும் பிறந்தது போல ஒரு முகம். நாள் முழுக்கக் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டதென்று முதல் வாரத்தில் மட்டும் பதினோரு தடவை முடிவுகட்டினேன். ஒவ்வொரு தடவையும் கரண்டிக்காம்பால் தொட்டதும் நகர்ந்து என்னை அவமானப்படுத்தியது.

இட்லி போட்டேன். பொரி, பிஸ்கட், அம்மாவுக்குத் தெரியாமல் முட்டையின் மஞ்சள் கரு. எதையும் சீண்டவில்லை. மீன் செத்தால் மாமா திரும்பி வரமாட்டார் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அந்தப் பயத்தில், விடிகாலை குழாயில் தண்ணீர் வந்ததும், சந்தில் எல்லோரும் குடம் தேய்க்கும் வரிசையில் உட்கார்ந்து தொட்டியைத் தேங்காய்நாரால் தேய்த்தேன். லேசாகப் பச்சை தெரிந்தாலும் விடமாட்டேன். தொட்டி பளபளத்தது, மீனின் வயிறு ஒட்டிப்போனது.

பத்தாம் நாள் அதைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு, தொண்ணூறடி ரோட்டில் வண்ணமீன் கடை வைத்திருந்த எங்கள் ஊர்ப்பக்கத்து பாயிடம் ஓடினேன். வழியில் இரண்டு தடவை மூடியைத் திறந்து மீனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏலே பாகல், கிறுக்குப் பயலே, இது கண்ணாடில படியுத பாசியத் திங்குத மீனு. தினம் அதோட சோத்தைக் கழுவி ஊத்திட்டு, இட்லிய நீட்டிக்கிட்டு நிக்கியா?”

கழுவாதே, வெயிலில் வை, பாசி பிடிக்கும்வரை வெள்ளரிக்காய் வில்லை போடு என்றார். எங்கள் சந்தில் மதியம் அரைமணி நேரம்தான் வெயில். அது நகர நகரத் தொட்டியையும் நகர்த்திக்கொண்டு, பேச ஆளில்லாமல், மீனிடமே பள்ளிக்கூடத்துக் கதைகளை ஒப்பித்தேன். மூன்றாம் நாள் வெள்ளரியில் தோல் மட்டும் வளையமாக மிச்சமிருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா திருடன் என்று விளக்குமாற்றோடு வந்தாள்.

இரண்டு வருடம் கழித்து மாமா வந்தார். என் உள்ளங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்த மீனைப் பார்த்து, “இது ஏதுலே?” என்றார்.

நீங்கள் கொடுத்ததுதான் என்றேன்.

“நானா?” கொஞ்சம் யோசித்தவர் அம்மா பக்கம் திரும்பினார். “ஆமாக்கா, பிள்ளை அழுவான், எதையாவது வாங்கிக் குடுத்துட்டுப் போன்னு நீதான சொன்ன?”

அவர் மறந்துபோனதற்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் போன அன்றைக்கும் அதற்குப் பிறகும் நான் ஒரு தடவைகூட அழவில்லை என்பது அந்தப் பதினோரு வயதுக் கோபக்காரனுக்கு அப்போது உறைக்கவே இல்லை.