பெருவிரல் தடம்

என் மகள் பச்சை நிறத்தில் ஒரு பூவாளி வாங்கி வந்து குன்னூர் வீட்டு வாசலில் வைத்திருக்கிறாள். நீண்ட மூக்கும் சல்லடை வாயுமாக, சாதாரண பிளாஸ்டிக் சாமான். நான் அதைத் தொடுவதில்லை; செடிகளுக்குக் குவளையில் மொண்டுதான் ஊற்றுகிறேன். அப்பாவுக்கு வயதான கிறுக்கு என்று நினைக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும், காரணத்தைச் சொல்வதைவிட அது எனக்கு எளிது.

தேயிலை விலை விழுந்து, பறிகூலிக்கே கட்டாது என்று தோட்டங்கள் தடுமாறிய வருடங்களில், இத்தலார் பக்கம் ஓர் எஸ்டேட்டில் நான் நர்சரி சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே விதை போடுவதில்லை. நல்ல செடியின் கிளையை வெட்டி, ஓர் இலையும் விரற்கடைத் தண்டுமாக நறுக்கி, மண் நிரப்பிய பையில் நட்டு, பைகளைப் பாத்தியாக அடுக்குவோம். மேலே பாலித்தீன் கூடாரம். வேர் பிடிக்க மூன்று மாதம் ஆகும், அதுவரை கூடாரத்தைத் திறக்கக் கூடாது. உள்ளே நிற்கும் ஈரம்தான் அந்த ஒற்றை இலைக்கு உயிர். நடுகிற வேலை, எல்லோரும் நர்சரி அக்கா என்று கூப்பிட்ட பெண்ணுடையது. சிலோனிலிருந்து திரும்பிய குடும்பம், தற்காலிக ஆள், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, இரண்டு பெண் பிள்ளைகள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை ஐயா என்பார். தண்டைச் செருகி இருபுறமும் இரண்டு விரலால் ஒரே அமுக்கு. எந்தப் பையை எடுத்தாலும் அந்த இரட்டைக் குழி இருக்கும்.

"இந்தத் தடவை வேர் புடிக்கலைன்னா நர்சரிய மூடிரலாம்" என்றார் மேனேஜர். நர்சரி இல்லையென்றால் நான் எதற்கு? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஐந்தாம் வாரமே, ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் கூடாரத்தைத் தூக்கி ஒரு தண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாகச் சிறு தடிப்பு, வேர் இல்லை. திரும்பச் செருகிப் பெருவிரலால் அமுக்கினேன். மறுநாள் வேறு நான்கு. அதற்கு மறுநாளும் போனேன். இரண்டே வாரத்தில் பாத்தி முழுக்க இலைகள் பழுத்து உதிர்ந்தன.

மேனேஜர் எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். கூடாரத்தை அக்காதான் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

"நான் தொறக்கலங்க தொரை. செல பையில பெருவிரல் தடம் கெடக்கு. நான் ரெண்டு விரலாலதான் அமத்துறது. வந்து பாருங்க" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

மேனேஜர் பூட்ஸ் மாட்டும் நேரம் எனக்குக் கிடைத்தது. "நான் முன்னாடி போறனுங்க சார்" என்று ஓடினேன். பூவாளியை நிரப்பி, பாத்தியின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஊற்றினேன். அவர்கள் வந்தபோது மண் சமமாகக் கிடந்தது.

"எங்கம்மா தடம்?" என்றார் மேனேஜர்.

அக்கா ஈரமண்ணைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பூவாளியைப் பார்த்தார்.

"ஐயா தண்ணி ஊத்திட்டாங்க" என்றார், அவ்வளவுதான்.

"வாடிக் கெடந்துச்சுங்க சார், அதான்" என்றேன்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை போனால் லயமும் போய்விடும். அடுத்த வாரம் ஒரு தகரப் பெட்டியோடும் பிள்ளைகளோடும் அவர் பஸ்ஸுக்கு நின்றதைப் பார்த்தேன். பஸ் போகும்வரை ஃபேக்டரிச் சுவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, இத்தனை வருடம் கழித்தும் குறையவில்லை. நர்சரியை மூடினார்கள். எனக்கு ஆபீசில் இடம் கொடுத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தொட்டியில் நட்டிருந்த ஜெரேனியத் தண்டைப் பிடுங்கி வேர் பார்த்தாள். இல்லை. திரும்பச் செருகிப் பெருவிரலால் அமுக்கிவிட்டு, பூவாளியை என்னிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் ஊத்துங்கப்பா."

வாங்கிக்கொண்டேன். மண்ணில் அந்தத் தடம் ஆழமாக, தெளிவாக இருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும். நீ இப்படி உக்காரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.